டாஃபடில் பூக்களைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்

ரொமான்டிசிசம் என்ற ஐரோப்பிய இலக்கிய இயக்கம் என்றால் என்ன, அதன் முக்கியமான போக்குகள் எவை, எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்பது கேள்வி. கூடவே ஒரு குறையும் சொல்லப்பட்டிருக்கிறது. உணர்ச்சி, கற்பனை, இயற்கை, தனிமனிதன், பழமை மீதான ஏக்கம் என்று பாடநூல் ஐந்து பண்புகளைத் தருகிறது. அவற்றை வைத்துப் பார்த்தால் உலகத்துக் கவிதை எல்லாமே ரொமான்டிக் ஆகிவிடுகிறது. இந்தக் குறை முற்றிலும் நியாயமானது. பண்புப் பட்டியல் எப்போதும் அந்த முட்டுச்சந்தில்தான் கொண்டுபோய் விடும். ஆகவே பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே ஒரு கவிதை எப்படி உருவானது என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

சொல்லைப் பற்றி முதலில். தமிழில் கற்பனாவாதம், புனைவியல் என்ற இரண்டும் வழக்கில் உள்ளன. இரண்டுமே நல்ல சொற்கள்தாம். ஆனால் கேட்டவுடன் ‘நிஜத்தை விட்டு விலகிப்போவது’ என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. அந்த எண்ணம் இங்கே குழப்பத்தையே தரும் என்பதால் ரொமான்டிசிசம் என்றே எழுதுகிறேன்.

1802 ஏப்ரல் 15. வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரமாகக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய தங்கை டாரதியும் நடந்து போகிறார்கள். கரை நெடுக மஞ்சள் டாஃபடில் பூக்கள். டாரதி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதினார்: சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக வைத்துச் சாய்ந்திருந்தன, மற்றவை ஏரியிலிருந்து வந்த காற்றோடு சேர்ந்து ஆடிச் சிரித்தன என்று. அண்ணன் அப்போது ஒன்றும் எழுதவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து, 1804இல்தான் கவிதையை எழுதினார், 1807இல் அச்சாயிற்று. பள்ளிப் பாடமாகப் பலரும் படித்திருக்கக்கூடிய, ‘மேகம்போலத் தனியாக அலைந்தேன்’ என்று தொடங்கும் கவிதை அது.

தனியாகவா? தங்கை கூடத்தானே இருந்தார்! கவிதையில் அவர் இல்லை. பூக்கள் ஆடுவதும் சிரிப்பதும் நாட்குறிப்பில் இருந்தபடியே கவிதைக்குள் வருகின்றன, பார்த்த இன்னொருவர் மட்டும் மறைந்துவிடுகிறார். இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் உண்டு. டாரதியின் உரைநடைக்கு உரிய மதிப்பு மிகத் தாமதமாகத்தான் கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் கவிதையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். கவிஞர் ஏதோ ஒரு நாள் வெறுமையான மனநிலையில் சாய்விருக்கையில் படுத்திருக்கிறார். பூக்கள் திரும்பி வருகின்றன, மனக்கண்ணில். அந்த ‘அகக்கண்’ பற்றிய இரண்டு வரிகளைக் கொடுத்தவர் மனைவி மேரி. கவிதையின் மிகச் சிறந்த வரிகள் அவைதாம் என்று வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார். ஆக, இந்தக் கவிதையில் நடக்கும் நிகழ்ச்சி ஏரிக்கரையில் நடக்கவில்லை. பார்த்த காட்சி காலம் கழித்து ஒரு மனத்துக்குள் திரும்பி வந்து, அந்த மனத்தை மாற்றுகிறது. நிகழ்ச்சி அதுதான். அதற்காகவே ‘நான்’ தனியாக்கப்படுகிறது.

ரொமான்டிக் எழுத்தைச் சோதிக்க நான் வைத்துக்கொள்ளும் கேள்வி இது: பார்க்கும் மனத்துக்கும் பார்க்கப்படும் பொருளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? மனம் கண்ணாடிபோல வாங்கிக் காட்டுகிறதா, அல்லது தன்னிடமிருந்து எதையாவது சேர்த்து அந்தப் பொருளை மறுபடி உண்டாக்குகிறதா? எம். எச். ஏப்ரம்ஸ் 1953இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வின் தலைப்பே கண்ணாடியும் விளக்கும் என்பதுதான். அதற்கு முந்தைய காலம் கலையை உலகத்தைக் காட்டும் கண்ணாடியாக நினைத்தது, ரொமான்டிக்குகள் ஒளிவீசும் விளக்காக நினைத்தார்கள் என்பது அவர் வாதம்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கவிஞருக்குக் கவிதையின் அதிகாரம் வெளியில் இருந்தது. கிரேக்க, லத்தீன் முன்மாதிரிகள், இலக்கண விதிகள், படித்த கனவான்களின் பொதுப் புத்தி ஆகியவைதாம் அளவுகோல். மீனை மீன் என்று எழுதுவதுகூடத் தரக்குறைவாகப்பட்டு, ‘செதில் குலத்தார்’ என்கிற மாதிரி சுற்றிவளைத்துச் சொல்வார்கள். இந்த மொழியைத்தான் வேர்ட்ஸ்வொர்த் தாக்கினார்.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சங்க அகப்பாடல்களில் இயற்கையும் மனமும் பின்னிக் கிடப்பதைப் பார்த்து, ‘நம்மிடம் ரெண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ரொமான்டிசிசம் இருந்தது’ என்று எழுதுகிறார்கள். பொருந்தாது. குறிஞ்சி என்றால் புணர்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்பது கவிஞரும் கேட்பவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மரபு. அதன் நுட்பமே அந்தப் பொதுமையில்தான் இருக்கிறது. அகத்தில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ தன் ‘ஒப்புதல்கள்’ நூலில் செய்ததோ இதற்கு நேர் எதிர்: என்னைப்போல் இன்னொருவன் இல்லை, அந்த என்னைச் சொல்கிறேன் என்று தொடங்குகிறார். சங்கக் கவிதை ரொமான்டிக் அல்ல என்பதால் அதற்கு ஒரு குறையும் இல்லை. அது வேறு வகை மேன்மை.

இனி வரலாறு. ‘ரொமான்ஸ்’ என்பது பழைய பிரெஞ்சில் லத்தீன் அல்லாத மக்கள் மொழியையும், அந்த மொழியில் சொல்லப்பட்ட வீரசாகசக் கதைகளையும் குறித்தது. காதல் என்ற பொருள் பின்னால் ஏறியது. 1760களிலேயே தரை ஆடத் தொடங்கிவிட்டது. ஜேம்ஸ் மெக்ஃபர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ‘ஓசியன்’ என்ற பழங்கவியின் பாடல்களைக் கண்டெடுத்து மொழிபெயர்த்ததாக வெளியிட்டார். பெரும்பகுதி அவரே புனைந்தது. ஆனாலும் மூடுபனியும் பாழ்வெளியும் இறந்த வீரர்களின் புலம்பலுமாக அது ஐரோப்பா முழுவதையும் பிடித்தாட்டியது. 1774இல் ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் ‘இளம் வெர்த்தரின் துயரங்கள்’ நாவல் வந்தது. அதில் காதலர்கள் உட்கார்ந்து படித்து அழுவது இந்த ஓசியனைத்தான். இளைஞர்கள் வெர்த்தரைப்போல நீலக் கோட்டும் மஞ்சள் மேற்சட்டையும் அணிந்து திரிந்தார்கள். தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று லைப்சிக் நகரம் 1775இல் நூலைத் தடைசெய்தது. ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் நாட்டார் பாடல்களைத் திரட்டி 1778–79இல் வெளியிட்டார். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது வெடிமருந்து ஏற்கெனவே காய்ந்திருந்தது.

இயக்கத்துக்குப் பெயரும் கொள்கையும் கிடைத்தது ஜெர்மனியின் யேனா என்ற சின்னப் பல்கலைக்கழக ஊரில். ஷ்லேகல் சகோதரர்கள் ஆகஸ்ட் வில்ஹெல்ம், ஃப்ரெடரிக். அவர்களோடு கரோலின், டொரோத்தியா என்ற இரண்டு கூர்மையான பெண்கள். லுட்விக் டீக், தத்துவவாதி ஷெல்லிங், நோவாலிஸ். இவர்கள் நடத்திய ‘அதேனேயம்’ இதழ் 1798 முதல் 1800 வரை மூன்றே ஆண்டு வந்தது. அதன் 116ஆம் துணுக்கில்தான் ஃப்ரெடரிக் ஷ்லேகல் ரொமான்டிக் கவிதையை வரையறுக்கிறார்: அது எல்லா வகைமைகளையும் தனக்குள் சேர்த்துக்கொண்டு வளர்ந்துகொண்டே இருப்பது, என்றைக்கும் முடிவடையாமல் ஆகிக்கொண்டே இருப்பதுதான் அதன் இயல்பு. துணுக்கு என்ற வடிவத்தை இவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதில் இருக்கிறது. முடிவில்லாத ஒன்றை முழுமையான நூலாகக் கட்டிக் காட்டினால் அது பொய்யாகிவிடும். துணுக்கு முள்ளெலியைப்போலத் தன்னளவில் நிறைந்திருக்கவும் வேண்டும் என்பது இன்னொரு துணுக்கு.

யேனாக்காரர்களிடம் வாசகர்கள் தடுமாறும் இடம் ‘ரொமான்டிக் முரண்நகை’. கிண்டல் என்று நினைத்துவிடுவார்கள். படைப்பு தன்னை மெய்ம்மறந்து உண்டாக்கிக்கொண்டே, ‘இது உண்டாக்கப்பட்டது’ என்பதையும் காட்டிவிடுவதுதான் அது. மாயையைக் கட்டுவதும் கலைப்பதும் ஒரே கையால் நடக்கிறது. இதைத் தமிழில் உணர வேண்டுமானால் பாரதியின் குயில் பாட்டின் முடிவுக்குப் போங்கள். சோலை, குயில், காதல், முற்பிறப்புக் கதை எல்லாம் உச்சத்துக்கு ஏறியபின் கவிஞர் விழித்துப் பார்க்கிறார்: பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைகள், பழம்பாய். கண்டதெல்லாம் மாலை மயக்கத்தில் உள்ளத்தில் தோன்றிய ‘கற்பனையின் சூழ்ச்சி’ என்கிறார். அதன்பிறகும் வேதாந்தமாகப் பொருள் சொல்ல இடமிருந்தால் சொல்லுங்கள் என்று வாசகரிடமே தள்ளிவிடுகிறார். பாரதி யேனா குழுவைப் படித்தாரா என்பது வேறு விஷயம். அவருக்கு நெருக்கமானவர் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி, அந்தப் பற்றில் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயரும் வைத்துக்கொண்டார். ஆனால் குயில் பாட்டின் அந்தத் திருப்பத்தை ஷ்லேகல் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

நோவாலிஸ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. இயற்பெயர் ஃப்ரெடரிக் ஃபான் ஹார்டன்பெர்க். நிச்சயிக்கப்பட்ட பெண் சோஃபி 15 வயதில், 1797இல் இறந்தாள். அந்த இழப்பிலிருந்து பிறந்தவை 1800இல் அதேனேயத்தில் வெளியான ‘இரவுக்கான துதிப்பாடல்கள்’. இதோடு நிறுத்தினால் நோஞ்சான் கனவுக்காரர் ஒருவர் கிடைப்பார். உண்மையில் அவர் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் கனிமவியலும் வேதியியலும் கணிதமும் படித்தவர், சாக்சனி அரசின் உப்பளங்களில் அதிகாரியாக வேலை பார்த்தவர். ‘நீல மலர்’ என்ற புகழ்பெற்ற குறியீடு வரும் அவருடைய முடிவடையாத நாவலில் ஒரு சுரங்கத் தொழிலாளி பேசும் பகுதி உண்டு. பூமிக்குள் இறங்குவதும் மனத்துக்குள் இறங்குவதும் அங்கே ஒன்றாகின்றன. 1801இல் 28 வயதில் இறந்தார். ‘உலகை ரொமான்டிக் ஆக்குவது’ என்றால் என்ன என்பதற்கு அவர் தரும் விளக்கத்தைவிடத் துல்லியமானதை நான் கண்டதில்லை: பழகிப்போன பொருளுக்கு உயர்ந்த அர்த்தத்தையும், சாதாரணமானதற்கு மர்மமான தோற்றத்தையும், தெரிந்ததற்குத் தெரியாததன் மதிப்பையும் கொடுப்பது. ரொமான்டிக்குகள் பகுத்தறிவுக்கும் அறிவியலுக்கும் எதிரிகள் என்ற பரவலான கருத்து நோவாலிஸைத் தெரிந்தவுடனே ஆட்டம் காணும். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் ஹம்ஃப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுகளுக்குப் போய் உட்கார்ந்தவர். இன்னொரு ஆங்கிலக் கவிஞரான கீட்ஸ் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்று 1816இல் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் பெற்றவர். அவர்கள் எதிர்த்தது உலகத்தை உயிரற்ற எந்திரமாக மட்டும் பார்க்கும் ஒருவகைப் பார்வையை.

ஜெர்மனியின் இரண்டாவது அலை ஹைடல்பெர்க்கில் எழுந்தது. ஆர்னிமும் பிரென்டானோவும் நாட்டார் பாடல்களைத் தொகுத்து 1805 முதல் 1808 வரை வெளியிட்டார்கள். கிரிம் சகோதரர்களின் கதைத்தொகுப்பின் முதல் பகுதி 1812இல் வந்தது. யேனாக்காரர்கள் தனிமனத்துக்குக் கொடுத்த இடத்தை இவர்கள் ‘மக்கள்’ என்ற கூட்டு மனத்துக்குக் கொடுத்தார்கள். இங்கே கவனமாக இருக்க வேண்டும். ‘மக்கள் வாயிலிருந்து அப்படியே எடுத்தது’ என்று சொல்லப்பட்ட எதுவும் அப்படியே எடுத்ததல்ல. கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களில் காசெல் நகரத்துப் படித்த குடும்பப் பெண்கள் பலர். அவர்களில் பிரெஞ்சு வம்சாவளியினரும் உண்டு. வில்ஹெல்ம் கிரிம் 1857இன் ஏழாம் பதிப்புவரை கதைகளைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய் ஆகிவிடுகிறாள். தாய்மையின் புனிதம் கெடக்கூடாது என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுத்தரவர்க்க அக்கறையை நாம் ஆதிகால நாட்டார் ஞானமாக வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஷ்லேகல் சகோதரர்களுக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. வில்லியம் ஜோன்ஸின் ஆங்கில சாகுந்தலம் 1789இல் வந்து, அதிலிருந்து ஃபார்ஸ்டர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1791இல் கதேயையும் ஹெர்டரையும் மயக்கியது. ஃப்ரெடரிக் சமஸ்கிருதம் படித்து 1808இல் இந்தியர்களின் மொழியும் ஞானமும் பற்றி நூல் எழுதினார். அண்ணன் ஆகஸ்ட் வில்ஹெல்ம் 1823இல் பகவத்கீதையை லத்தீனில் தந்தார். அவர்கள் தேடிய இந்தியா பெரும்பாலும் ஐரோப்பா தொலைத்துவிட்டதாக அவர்கள் நினைத்த ஒரு குழந்தைப்பருவம். உயிருள்ள மனிதர்கள் வாழும் நாடாக அது அவர்களுக்குத் தென்படவே இல்லை. அந்தப் பார்வையின் பிசுக்கு இன்றுவரை முழுக்கப் போகவில்லை.

இங்கிலாந்துக்கு வருவோம். 1798இல் பெயர் போடாமல் வெளிவந்த ‘லிரிக்கல் பாலட்ஸ்’ தொகுப்பில் 23 கவிதைகள். 19 வேர்ட்ஸ்வொர்த்துடையவை, 4 கோல்ரிட்ஜுடையவை. வேலைப் பிரிவினை எப்படி என்பதைக் கோல்ரிட்ஜ் 1817இல் எழுதிய இலக்கியத் தன்வரலாற்றின் 14ஆம் அத்தியாயத்தில் சொல்கிறார். அமானுஷ்யமானதை எடுத்து அதில் மனித உண்மை தெரியும்படி அவர் எழுதுவது. அன்றாடத்தை எடுத்து அதில் புதுமையின் வியப்பு தெரியும்படி வேர்ட்ஸ்வொர்த் எழுதுவது. நோவாலிஸின் விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே காசின் இரண்டு பக்கமும் வந்துவிடும். கற்பனையைக் கோல்ரிட்ஜ் இரண்டாகப் பிரித்ததும் அந்த நூலில்தான். இருக்கிற துண்டுகளை எடுத்து ஒட்டுப்போடுவது ஒன்று. உருக்கிக் கரைத்துப் புதிதாக வார்ப்பது இன்னொன்று. இரண்டாவதை மட்டும்தான் கற்பனை என்று ஒப்புக்கொள்கிறார்.

1800இன் இரண்டாம் பதிப்புக்கு வேர்ட்ஸ்வொர்த் எழுதிய முன்னுரைதான் தேர்வுத்தாள்களில் மிக மோசமாகச் சிதைக்கப்படும் பகுதி. ‘நல்ல கவிதை என்பது வலிய உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவது’ என்பதோடு மேற்கோளை முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. சாதாரணத்தைவிட மிகுந்த நுண்ணுணர்வு கொண்டவர் நெடுநேரம் ஆழமாகச் சிந்தித்திருந்தால்தான் மதிப்புள்ள கவிதை பிறக்கும் என்று தொடர்கிறது. சில பக்கம் தள்ளி, அமைதியில் மீள நினைக்கப்பட்ட உணர்ச்சியிலிருந்து கவிதை பிறக்கிறது என்கிறார். நினைக்க நினைக்க அமைதி மெல்ல மறைந்து, முதலில் இருந்த உணர்ச்சிக்கு இனமான இன்னொன்று உருவாகிறது என்கிறார். டாஃபடிலுக்கு இரண்டு ஆண்டு பிடித்தது இதனால்தான். ‘கொட்டித் தீர்ப்பதே ரொமான்டிக் கவிதை’ என்று நம்பி எழுதுபவர்கள் தோற்கும் இடமும் இதுவே: அவர்களிடம் அந்த இடைவெளி இல்லை.

ரொமான்டிக்குகள் தங்களைப் பற்றிச் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். ‘குப்ளா கான்’ கவிதையை 1816இல் வெளியிட்டபோது, கனவில் இருநூறு முந்நூறு வரி வந்தது, எழுதிக்கொண்டிருக்கையில் போர்லாக் ஊரிலிருந்து யாரோ வேலையாக வந்து குறுக்கிட்டதால் மிச்சம் மறந்துபோயிற்று என்று கோல்ரிட்ஜ் முன்குறிப்பு எழுதினார். கிடைத்திருக்கும் கைப்பிரதி ஒன்றில் உள்ள குறிப்பில், வயிற்றுப்போக்குக்கு அபின் உட்கொண்டபோது ஏற்பட்ட ஒரு மயக்கத்தில் இயற்றியது என்று மட்டும் இருக்கிறது. போர்லாக் ஆசாமி இல்லை. 54 வரியே கொண்ட அந்தக் கவிதையின் ஒலிக்கட்டு மிகவும் திட்டமிட்ட வேலை. முடிவடையாமை இங்கேயும் ஒரு வடிவம்.

இந்த முதல் தலைமுறை புரட்சியை நம்பி வளர்ந்தது. பாரிஸில் தலைகள் உருண்டதையும் பிறகு நெப்போலியனையும் பார்த்து மனம் உடைந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் அவர்கள் நண்பரான கவிஞர் சதேயும் பழமைவாதிகளாக முடிந்தார்கள். அடுத்த தலைமுறையான பைரனும் ஷெல்லியும் இதை மன்னிக்கவே இல்லை. இவர்கள் யாரும் தங்களை ரொமான்டிக் என்று அழைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏரிப் பள்ளி, லண்டன் கீழ்த்தட்டுக்காரர்களின் ‘காக்னி பள்ளி’, ‘சாத்தான் பள்ளி’ ஆகியவையே அப்போது வழங்கிய பெயர்கள். அத்தனையும் எதிரிகள் வைத்த வசைப்பெயர்கள்.

ஷெல்லியின் ‘மேற்குக் காற்று’ 1819இல் ஃபிளாரன்ஸில் எழுதப்பட்டது. சீற்றம் மட்டுமே தெரிகிறது என்பவர்கள் வடிவத்தைப் பாருங்கள். ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் 14 வரி. மும்மூன்று வரியாக நான்கு கண்ணிகள், கடைசியில் ஈரடி. இயைபு அஆஅ, ஆஇஆ என்று தாந்தேயின் சங்கிலித்தொடை. ஒரு கண்ணியின் நடுவரி ஓசை அடுத்த கண்ணிக்கு வெளிவரி ஓசையாகிறது. காற்று இலைகளைத் தள்ளிக்கொண்டு போவதுபோலக் கவிதை முன்னால் தள்ளப்படுகிறது. அதே நேரம் ஒவ்வொரு பகுதியும் 14 வரி என்பதால் சானெட்டின் கட்டுக்குள் அடங்கியும் நிற்கிறது. மொழிபெயர்ப்பில் இந்த இயைபுச் சங்கிலி அறுந்தால் கவிதை வெறும் முழக்கமாகிவிடும். ஷெல்லி தமிழில் பெரும்பாலும் மோசமாகத் தெரிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கீட்ஸ் இந்த விளக்கத்துக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறார், மகிழ்ச்சியான சிக்கல். வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையைத் ‘தன்முனைப்பின் மாட்சி’ என்று 1818இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டுவிட்டு, உண்மையான கவிஞனுக்குத் தனக்கென்று ஓர் அடையாளமே கிடையாது என்கிறார். அதற்கு முந்தைய டிசம்பரில் எழுதிய கடிதத்தில்தான் ஐயத்திலும் மர்மத்திலும் எரிச்சலோடு விடைதேடாமல் நிலைத்திருக்கும் திறன் பற்றிய புகழ்பெற்ற கருத்து வருகிறது. 1819 செப்டம்பர் 19 அன்று வின்செஸ்டரில் எழுதிய ‘இலையுதிர்காலத்துக்கு’ கவிதையில் பதினொரு வரிப் பத்திகள் மூன்று. ‘நான்’ என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. மனம் எங்கே போயிற்று? கனிகளின் கனத்துக்குள், அறுத்த வயலின் மேல் விழும் ஒளிக்குள், கொசுக்கூட்டத்தின் ரீங்காரத்துக்குள் கரைந்துவிட்டது. ரொமான்டிக் மனம் தன்னைத் துறந்தும் படைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவருக்கு அப்போது 23 வயது. பதினேழு மாதத்தில் ரோமில் காசநோயால் இறந்தார்.

பைரன் இன்னொரு மூலை. 1814இல் அவருடைய ‘கோர்சேர்’ வெளியான அன்றே 10,000 படிகள் விற்றது. இருண்ட கடந்தகாலம், கர்வம், சொல்லாத குற்றம் கொண்ட பைரனிய நாயகன் ஐரோப்பாவெங்கும் நகலெடுக்கப்பட்டான். ஆனால் அவரே கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் செவ்வியல் அங்கதத்தை வியந்தவர். ‘டான் ஜுவான்’ அந்த நாயகனையே கலைத்துப்போடுகிறது. 1815இல் இந்தோனேசியத் தீவில் தம்போரா எரிமலை வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல்போனது. ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழையில் அடைபட்ட பைரனும் நண்பர்களும் பேய்க்கதைப் போட்டி வைத்தார்கள். அதிலிருந்து மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ 1818இல் வந்தது. ரொமான்டிக் கற்பனையின் படைப்பு வெறியைப் பற்றிய மிகக் கடுமையான விமரிசனம் அந்த வட்டத்துக்குள்ளிருந்தே, ஓர் இளம்பெண்ணிடமிருந்து வந்தது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மனின் ‘மணல் மனிதன்’, பிறகு அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ, எல்லாம் இந்த இருண்ட நீரோட்டம்: மனம் விளக்கு என்றால் அது பூதங்களையும் காட்டும்.

பிரான்சில் இயக்கம் தாமதித்தது. செவ்வியல் விதிகள் அங்கே அரசு நிறுவனம்போல வேரூன்றியிருந்தன. ஜெர்மன் சிந்தனையை அறிமுகப்படுத்திய மேடம் த ஸ்தால் எழுதிய நூலை 1810இல் நெப்போலியனின் காவல்துறை அழித்தது. 1813இல் லண்டனில் வெளியாயிற்று. போர் நாடக மேடையில் நடந்தது. 1830 பிப்ரவரி 25, விக்டர் ஹ்யூகோவின் ‘எர்னானி’ நாடகத்தின் முதல் மேடையேற்றம். பிரெஞ்சு நாடக அடிக்கு 12 அசை, ஆறில் நிறுத்தம், அடி முடியும்போது பொருளும் முடிய வேண்டும். ஹ்யூகோவோ தொடக்கத்திலேயே ‘படிக்கட்டு’ என்று அடியை முடித்து, அது ‘இரகசிய’ப் படிக்கட்டு என்ற அடைமொழியை அடுத்த அடியின் தலையில் வைத்தார். கூச்சல் கிளம்பியது. ஒரு அடைமொழிக்காகவா என்று தோன்றும். வெண்பாவில் தளை தட்டியதை மேடையில் வேண்டுமென்றே, பெருமையாகச் செய்துகாட்டினால் நம் புலவர் சபை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிழக்கில் நிலைமை வேறு. 1795 முதல் 1918 வரை போலந்து வரைபடத்திலேயே இல்லை. அங்கே மிக்கியேவிச் போன்ற கவிஞர்கள் அரசு இல்லாத நாட்டின் அரசாங்கமாக இருந்தார்கள். அவருடைய ‘பான் ததேயுஷ்’ 1834இல் பாரிஸில் நாடுகடந்த நிலையில் எழுதி வெளியிடப்பட்டது. ரஷ்யாவில் புஷ்கின் ‘எவ்கேனி ஓனேகின்’ வழியாகப் பைரனிய நாயகனை எடுத்துப் பரிசோதித்து அவன் வெறுமையைக் காட்டினார். அமெரிக்காவில் எமர்சன் 1836இல் ‘இயற்கை’ எழுதினார். தோரோ 1845இல் வால்டன் குளக்கரைக்குக் குடிபோனார்.

இத்தாலியின் லியோபார்டியை மட்டும் அவசரமாகக் கடக்க முடியாது. 21 வயதில், 1819இல் எழுதிய ‘முடிவிலி’ 15 வரிக் கவிதை. ஒரு குன்று, ஒரு வேலிப்புதர். புதர் தொடுவானத்தை மறைக்கிறது. மறைப்பதால்தான் மனம் அதற்கு அப்பால் எல்லையில்லா வெளியை உண்டாக்குகிறது, இதயம் அஞ்சும் அளவுக்கு. பிறகு இலைகளில் காற்றின் ஓசை; அந்தக் கடலில் மூழ்குவது இனிது என்று முடிகிறது. அவர் தன்னை ரொமான்டிக் என்று ஒப்புக்கொண்டதில்லை, அந்தக் கட்சியை எதிர்த்தே எழுதினார். ஆனாலும் இந்த விவாதம் முழுவதற்கும் அந்தப் புதர் போதும்.

இத்தனை வேறுபட்டவர்களை ஒரே பெயரால் அழைக்கலாமா? ‘ரொமான்டிசிசங்கள்’ என்று பன்மையில்தான் பேசவேண்டும், ஒருமையில் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை என்று 1924இல் ஆய்வாளர் லவ்ஜாய் வாதிட்டார். 1949இல் விமரிசகர் ரெனே வெல்லெக் மறுத்தார்: கவிதையைப் பற்றிய பார்வையில் கற்பனை, உலகைப் பற்றிய பார்வையில் உயிருள்ள இயற்கை, நடையில் குறியீடும் தொன்மமும் என்று மூன்றும் எல்லா இடத்திலும் சேர்ந்தே வருகின்றன என்றார். கவிதைகளில் வெல்லெக் சொல்வது சரியாக வருகிறது. அரசியலுக்கு வந்தால் லவ்ஜாய் சொல்வதுதான் சரி. புரட்சிக்காரன், மன்னராட்சிக்காரன், மதம் மாறியவன், நாத்திகன் எல்லோரும் இதற்குள் இருக்கிறார்கள். எனவே ‘ரொமான்டிசிசம் முற்போக்கா பிற்போக்கா’ என்ற கேள்விக்கு ஆளைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

படிக்கும் வரிசை. முதலில் சிறியவை: லியோபார்டியின் 15 வரி, ஆங்கிலக் கவிஞர் பிளேக்கின் ‘கள்ளமின்மை, அனுபவம்’ பாடல்களில் பத்துப் பன்னிரண்டு (படங்களோடு உள்ள பதிப்பு வேண்டும், பிளேக் சொல்லையும் படத்தையும் ஒரே செப்புத்தகட்டில் செய்தவர், பிரித்தால் பாதி போய்விடும்), டாரதியின் நாட்குறிப்பில் ஏப்ரல் 15, உடனே டாஃபடில் கவிதை. பிறகு கீட்ஸின் 1819 பாடல்கள், அவர் கடிதங்களோடு சேர்த்து. சார்லட் ஸ்மித்தின் 1784 சானெட்டுகளையும் விடாதீர்கள்; சானெட் வடிவத்தை மீட்டவர்களில் முன்னோடி, வேர்ட்ஸ்வொர்த் கடன்பட்டவர். நீண்டது படிக்கத் தயாரானதும் வேர்ட்ஸ்வொர்த்தின் தன்வரலாற்று நெடுங்கவிதை ‘பிரிலூட்’. இதில் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். 1805 வடிவம் 13 பாகம், அவர் இறந்தபின் 1850இல் வந்தது 14 பாகம். வயதான கவிஞர் இளமையின் துணிச்சலைப் பல இடங்களில் மழுப்பியிருக்கிறார், எனவே 1805. முதல் பாகத்தில் சிறுவன் படகைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போகையில் மலை எழுந்து துரத்தும் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.

கோல்ரிட்ஜின் ‘கிழட்டு மாலுமி’க்கும் இதே கவனம் தேவை. 1798இல் அது பழங்கால எழுத்துக்கூட்டலோடு தொகுப்பின் முதல் கவிதையாக வந்தது; 1800இல் எழுத்துக்கூட்டல் நவீனமாக்கப்பட்டு, கவிதை பின்னுக்குத் தள்ளப்பட்டது. பக்க ஓரத்தில் கதையை விளக்கும் உரைநடைக் குறிப்புகள் 1817இல்தான் சேர்ந்தன. இன்று கிடைக்கும் பெரும்பாலான பதிப்புகள் இந்த 1817 வடிவம். முதல் வாசிப்பில் ஓரக்குறிப்புகளைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். அந்தக் கடற்பறவையை மாலுமி ஏன் அம்பெய்து கொன்றான் என்பதற்குக் கவிதை காரணமே சொல்வதில்லை. ஓரக்குறிப்பு எழுதியவர்தான் அதற்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவரப் பார்க்கிறார்.